பழைய ஹெரால்டா, எண்ணூர்ப் படகா?

மாப்பிள்ளைக்குச் சீட்டுப் பணம் 4 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் போனை என் முன்னால் நீட்டினார். முதல் படத்தில் பச்சை நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969ஆம் வருஷத்துக் கார், முன் பம்பரைக் காணோம். அதைத் தள்ளினால் எண்ணூர் காட்டுக்குப்பத்தில் கரையேற்றி வைத்த 18 அடி ஃபைபர் படகு, கூடவே 9.9 குதிரைத்திறன் மோட்டார்.

"ரெண்டுல எதை வாங்கலாம் மாமா?"

"ரெண்டும் வேணாம்னு சொல்லுங்கப்பா" என்று சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு பைத்தியமும் பிடித்து ஆட்டிய ஆள் நான். ஹெரால்டு 11 வருஷம் இருந்தது, படகு 6 வருஷம் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. துறைமுகத்தில் டீசல் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் கை அழுக்காவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மாப்பிள்ளைக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை, நாலு வயதில் ஒரு பிள்ளை, தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. அன்றைக்கு வாயால் சொன்னதில் பாதி அவர் காதில் ஏறவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் எழுதிவிடுகிறேன்.

படகு ஆசை அவருக்கு வந்தது இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கும் ஒரு உறவுக்காரப் பையன் அனுப்பிய வீடியோவால். அங்கே கால்வாயில் ஓடுகிற படகு ஏழடி அகலம்தான் இருக்கும், நீளம் மட்டும் எழுபதடி வரைக்கும் போகும். இரும்பு உடம்பு, உள்ளே அடுப்பு, கட்டில் எல்லாம் உண்டு. மணிக்கு 4 மைல்தான் வேகம். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் அதே வேகத்தில் கூடவே வருவார். கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையனிடமே விசாரித்தேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பாகத்தைச் சுரண்டி, தார்ப்பூச்சு அடிக்க வேண்டுமாம். கால்வாயில் வைத்துக்கொள்ள வருஷா வருஷம் லைசென்ஸ், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புச் சான்று. இவ்வளவும் செய்தால் அங்கே ஓடுவதற்குச் சுத்தமான கால்வாய் ஒன்று இருக்கிறது.

நமக்கும் இருந்தது. 1806இல் பாசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் பிறகு பழவேற்காட்டுக்கும், அதற்கு மேல் ஆந்திரத்துக்கும் நீண்டது. 1877, 78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் என்பதால் அந்தப் பெயரே நிலைத்தது. விறகும் உப்பும் இந்த வழியாகத்தான் பேசின் பிரிட்ஜுக்கு வந்தன. கொருக்குப்பேட்டைப் பக்கம் விறகுப் படகு கட்டிக் கிடந்ததை என் அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். 1960களில் வந்த புயல்களும் 1976 புயலும் கரையை உடைத்தன, லாரி மிச்ச வேலையைப் பார்த்தது. 2008இல் இதைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்தார்கள். தண்டையார்பேட்டைப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள், அந்தத் தேசிய நீர்வழியில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே வடசென்னையில் கால்வாய்ப் படகு என்றால் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே என்று புரிந்துகொள்ள வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தில் தொடங்கி, அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிக்குப் பின்பக்கமாகப் பழவேற்காட்டை நோக்கிப் போகிற தண்ணீர். அதிலும் தூர்ந்துபோன இடங்கள் உண்டு.

முதலில் வண்டி

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 1971 வரைக்கும் செய்தது. வரைந்தவர் மிச்செலோட்டி என்கிற இத்தாலிக்காரர். அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் ஹெரால்டு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கும். பானெட் மட்டுமல்ல, மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்னொரு விசேஷம், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ராயபுரத்துச் சந்துகளில் டாக்ஸிக்காரர் மூன்று தடவை முன்னும் பின்னும் போகிற இடத்தில் நான் ஒரே வளைவில் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவே அந்த வண்டியை வைத்திருக்கலாம்.

அப்படித் திரும்புவதற்கு ஒரு விலை உண்டு. முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுற்றுகிறது. டிரனியன் என்று பெயர். அதற்குள் போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம்ம மெக்கானிக்குகள் நிப்பிளைப் பார்த்தால் போதும், கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் முழுக்கப் போகாது, காய்ந்து கெட்டியாகும், கீழே தண்ணீர் தேங்கி இரும்பைத் தின்னும்.

எனக்குத் தெரியாமல் மூன்று சர்வீஸ் அப்படி நடந்திருக்கிறது. திருவொற்றியூர் தேரடியில் ஒரு சாயங்காலம், பத்து கிலோமீட்டர் வேகத்தில் இடது பக்கம் திரும்புகிறேன். முருங்கைக்கிளை ஒடிகிற மாதிரிச் சத்தம். வண்டி ஒரு பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. அதே காரியம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நடந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. தேரடியில் பூ விற்கிற அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். சர்வீஸ் செய்த கடையில் போய்க் கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான்" என்றார்கள்.

உடைந்த டிரனியனுக்கு மாற்று தேடி, பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. அங்கே ஹெரால்டும் அதன் தம்பி ஸ்பிட்ஃபயரும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பல பாகங்களைப் புதிதாகவே செய்கிறார்கள். பார்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து பொருளின் விலையைத் தொட்டுவிடும். ஆனாலும் கிடைக்கிறது. சின்னச் சின்ன பித்தளைப் புஷ் எல்லாம் மண்ணடி லேத்தில் அளவு கொடுத்தால் கடைந்து கொடுத்துவிடுவார்கள். இந்த அலைச்சல் வேண்டாம் என்றால் பத்மினியோ அம்பாசடரோ வாங்கலாம். பத்மினி தயாரிப்பு 2000 வாக்கில் நின்றது, அம்பாசடர் 2014இல்தான் நின்றது. இரண்டுக்கும் புதுப்பேட்டையில் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்கலாம். ஆனால் மாப்பிள்ளை அதற்கெல்லாம் மனசு வைக்கமாட்டார். படத்தைப் பார்த்த கண் அப்படி.

நம்ம பக்கத்தில் காருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்தினால் எந்தப் பெயிண்டும் தாங்காது. ஹெரால்டுக்கு அடியில் தனி சேசிஸ் இருக்கிறது, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. எந்தத் துண்டு துருப்பிடித்தாலும் கழற்றி டிங்கரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் சேசிஸின் இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்குகிற இரும்புகள்தான் முதலில் அழுகும், வெளியே தெரியாது. மேலே கண்ணாடி மாதிரி பாலிஷ் இருக்கும், கீழே பிஸ்கட் மாதிரி உதிரும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது நம்ம ஊரில் பெரிய கலை. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போக வேண்டும். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான். அடிப்பக்கத்தைக் குத்திப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் எதுவும் இதற்காகச் செய்ததல்ல. ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் ஓட்டாமல் டாங்க் நிறையப் பெட்ரோலோடு நிறுத்தினால் உள்ளே துருதான். வாங்கின வாரமே எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட வேண்டும். பெரிய செலவில்லை. மாற்றாமல் விட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும், அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

மே மாசத்து டிராஃபிக்கில் இன்னொரு கூத்து. பம்பிலிருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். வேப்பர் லாக். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் குறைந்தது மூன்று பேர் வந்து, "எங்க தாத்தா வச்சிருந்தாரு சார்" என்பார்கள். ஒரு தடவை ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவர், தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது இதே மாதிரி வண்டியில்தான் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். பழைய கார் வைத்திருப்பதில் எனக்குப் பிடித்தது ஓட்டியதைவிட இப்படி நின்றதுதான். பிடிக்காததும் சொல்லிவிடுகிறேன். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் வண்டி கேட்டு வருவார்கள். கொடுத்தால் கிளட்ச் போகும், கொடுக்காவிட்டால் உறவு போகும்.

காகித விஷயம். 50 வருஷம் தாண்டின வண்டியை, அசல் வடிவத்தில் இருந்தால், வின்டேஜ் என்று பதிவு செய்யலாம் என 2021இல் மத்திய அரசு விதி போட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி அந்தப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்துவிட்டால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு அது சரிப்படாது. சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஆகவே இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். கடைசியாகப் பெயர் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, வாரிசுகள் கையெழுத்துப் போடுவார்களா, எப்போது புதுப்பித்தார்கள் என்று தெரிந்தால்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஆர்.சி. இல்லாத ஹெரால்டு பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தாலும் அதிக விலைதான்.

படகு

படகில் உட்கார்ந்தால் கிடைக்கிற சுகத்தைக் கார் தராது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கச்சான் காற்று லேசாக வீசும்போது, மோட்டாரை அணைத்துவிட்டு, மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு அலையாத்திச் செடி ஓரமாகப் போனால், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகூட அழகாகத் தெரியும். குளிர்காலத்தில் பழவேற்காட்டுப் பக்கம் பூநாரைக் கூட்டம் நிற்பதைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தவனுக்குக் கரையிலிருந்து பார்ப்பது பிடிக்காது. என் மனைவி பதினோரு வருஷத்தில் ஹெரால்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. படகில் முதல் நாள் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பேசாமல் வந்தாள். அதுவே பெரிய பாராட்டு.

ஆனால் காருக்குப் பொறுமை உண்டு, படகுக்குக் கிடையாது. காரைத் தார்ப்பாய் போட்டு மூடி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மூன்று மாசம் மறந்துவிடலாம். படகை மூன்று வாரம் மறந்தால் மழைத் தண்ணீர் நிரம்பி உட்கார்ந்திருக்கும், அடியில் கொட்டலசு பிடித்திருக்கும். கொட்டலசு என்பது சுண்ணாம்புக் கிண்ணம் கவிழ்த்த மாதிரிக் கொத்துக் கொத்தாக ஒட்டுகிற உயிர். முழங்காலில் பட்டால் கிழிக்கும். அது பிடித்த படகு அதே மோட்டாரில் பாதி வேகம்தான் போகும். கரையேற்றிச் சுரண்ட நாலு பேர் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிற ஷிஃப்ட் ஆளுக்கு அந்த நாலு பேரை எப்போதும் கையில் வைத்துக்கொள்ள முடியுமா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கார் நிறுத்த ஷெட்டுக்கு மாசம் 2,500 கொடுத்தேன், பூட்டினேன், வந்தேன். படகை நிறுத்தக் காசு கொடுத்தால் மட்டும் போதாது. கரை ஊருக்குச் சொந்தம். குப்பத்துப் பெரியவர்களைப் பார்த்து, என்னத்துக்கு வருகிறோம், வலை போடுவோமா மாட்டோமா என்று சொல்லி, அவர்கள் சரி என்றால்தான் படகு மணலில் ஏறும். எனக்கு அது கிடைத்தது, துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் அந்த ஊர்க்காரர் என்பதால். அவர்தான் வாடை காற்று ஏறினால் போன் போடுவார், படகை மேலே இழுத்துவிடுவார். அந்த மனிதர் இல்லையென்றால் என் படகு முதல் மழைக்காலத்தைத் தாண்டியிருக்காது. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்தேன், நல்லது கெட்டதுக்குப் போனேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இது படகு வாங்குவது அல்ல, ஓர் ஊருக்குள் சேர்வது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவருக்கு நடக்காது.

மோட்டார் பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடி வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். ஓடும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் கயிறு மாதிரிப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் மோட்டாரை உடனே அணைக்க வேண்டும், உள்ளே தண்ணீர் ஏறவில்லை, இன்ஜின் வெந்துவிடும். நம்ம எண்ணூரில் அது அடிக்கடி நிற்கும். பிளாஸ்டிக் பை வந்து அடைத்துக்கொள்ளும். ஒரே காலையில் ஆறு தடவை மோட்டாரைத் தூக்கிப் பை எடுத்திருக்கிறேன், அதில் ஒன்று நான் வழக்கமாகத் துணி வாங்குகிற கடையின் பை. தண்ணீரை இறைக்கிற ரப்பர் சக்கரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். முழு வேகத்தில் மணிக்கு நாலைந்து லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஃபைபர் உடம்பில் விரிசல் விட்டால் காயவைத்துத் தேய்த்து, ஃபைபர் மேட் வைத்து ரெசின் பூச வேண்டும். ஒரு நாள் வேலை. காசிமேட்டில் மர லாஞ்சுக்குப் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடித்துக் கலப்பத்துப் பார்க்கிறவர்களைப் பார்த்தால், ஃபைபர் எவ்வளவு லேசான பாடு என்று புரியும்.

லேசில்லாதது தண்ணீர். சென்னைக் கரையில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர் அளவுதான், கணக்கிலேயே வைக்க வேண்டாம் என்று முதல் வருஷம் நினைத்தேன். எண்ணூரில் பல இடத்தில் மொத்த ஆழமே அவ்வளவுதான் என்பதை மச்சானோடு போனபோது கற்றுக்கொண்டேன். அத்திப்பட்டுப் பக்கமிருந்து திரும்பி வருகிறோம், மோட்டார் விசிறி சேற்றில் உரசி நின்றுவிட்டது. சரி, இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன். வெறும் சேறாக இருந்தால் பரவாயில்லை, அனல்மின் நிலையத்திலிருந்து வருஷக்கணக்காக வந்து படிந்த சாம்பல். திருநீறு குழைத்த மாதிரி இருந்தது, முட்டிக்கு மேல் உள்ளே போய்விட்டது. மச்சான் கையைக் கொடுத்துத் தூக்கினார், ஒரு செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. வெயில் ஏறுகிறது. இறால் தடவுகிற பெண் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீர் இருந்த ஓடையில் போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நின்று, வாயில் கவ்வியிருந்த பறியை, இறால் போடுகிற கூடையை, கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா சார், வத்தத்துல வந்து மாட்டிக்கினீங்களா? மூணு மணிக்கு மேல தண்ணி வரும், குந்திக்கினு இருங்க" என்றார். மறுபடி பறியை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டார். மணி அப்போது பத்தரை. இருந்தது ஒரு பாட்டில் தண்ணீர். ஹெரால்டு எங்கே நின்றாலும் ஆட்டோ கிடைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியதை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். என் படகும் அதில்தான் நின்றது. டீசல் நாற்றத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான், அன்றைக்குக் கரையில் நிற்க முடியவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் பிழைப்பு போய் நிற்கிற இடத்தில், பொழுதுபோக்குப் படகு கறுத்துவிட்டது என்று வருத்தப்பட எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் சுரண்டித் துடைத்து, மோட்டாரைத் தனியாகவும் படகைத் தனியாகவும் ஊர்க்காரருக்கே விலை குறைத்துக் கொடுத்துவிட்டேன்.

நாலு வயதுப் பிள்ளை இருப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். நான் அதற்குப் பிறகுதான் படகு வாங்கினேன், லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் யாரையும் ஏற்றியதில்லை. குழந்தைக்குப் பெரியவர் சைஸ் ஜாக்கெட் போட்டால் போடாததற்குச் சமம், தண்ணீரில் நழுவி மேலே போய்விடும். அதோடு மோட்டார் வைத்து உல்லாசத்துக்கு ஓட்டுகிற படகுக்கு 2021ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் சோதனையும் வேண்டும். மீன்பிடிப் படகாகப் பதிந்ததை வாங்கி உல்லாசத்துக்கு ஓட்டுவது சரியல்ல. அந்தக் காட்டுக்குப்பத்துப் படகு எப்படிப் பதிந்திருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்கவே இல்லை.

4 லட்சத்தை எங்கே போடுவது

விலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஓடின வருஷங்களில் ஹெரால்டு வருஷத்துக்கு 60, 70 ஆயிரம் தின்றிருக்கிறது, ஷெட் வாடகையோடு சேர்த்து. டிரனியன் உடைந்த வருஷம் மட்டும் ஒரு லட்சம் தாண்டியது. படகு அதில் பாதிதான் தின்றது. ஆனால் ஹெரால்டை வாங்கின விலைக்கு மேல் விற்றேன், படகைப் பாதி விலைக்கு. கூட்டிக் கழித்தால் பணத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கார் உங்கள் லீவு நாளுக்குக் காத்திருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, டீ குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படுக்கலாம். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பதைப் பிள்ளைக்குக் காட்டலாம், பெட்ரோல் வாசனையில் அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். படகு உங்கள் லீவைக் கேட்காது, வற்றத்தைக் கேட்கும், காற்றைக் கேட்கும்.

ஆகவே மாப்பிள்ளை, கார் வாங்குங்கள். 4 லட்சம் முழுவதையும் விலையாகக் கொடுக்காமல் இரண்டரைக்குள் முடித்து, மிச்சத்தை பிரேக், டயர், ஹோஸ், டிரனியன் என்று முதல் ஆறு மாசத்துக்கு ஒதுக்குங்கள். மழைக்காலத்துக்கு மேட்டில் ஒரு ஷெட் பாருங்கள், வியாசர்பாடிப் பக்கம் வாடகை குறைவு என்று போகாதீர்கள். தண்ணீரில் மூழ்கின காரில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் போயிற்று. முதலில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில் மூன்றையும் வடிக்க வேண்டும். படகு ஆசை வந்தால் காட்டுக்குப்பத்து நண்பரிடம் சொல்லி வைக்கிறேன், லைஃப் ஜாக்கெட்டை நாம் கொண்டு போகலாம். நீங்கள் ரிட்டயர் ஆகி எண்ணூர்ப் பக்கம் குடி போனால் இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படியுங்கள். அப்போது படகுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று போன் வந்தது. வண்டியை வைத்திருப்பவர் அடிப்பக்கப் படமும் அனுப்பிவிட்டாராம்.

"அடியில எல்லாம் புதுசா கறுப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காரு மாமா. ஒரு துளி துரு இல்ல, பளபளன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை போய் அட்வான்ஸ் கொடுத்துடலாமா?"

"ஞாயித்துக்கிழமை போகலாம், நானும் வர்றேன்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பரண் மேலிருந்து டூல்ஸ் பெட்டியை இறக்கினேன். காந்தம் இருந்தது. ஸ்க்ரூடிரைவரில் முனை மழுங்கியிருந்தது, கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.